தாயில்பட்டி, சிவகாசி வட்டாரத்தில் குருதிக்கொடை

குருதிக்கொடை அல்லது இரத்த தானம் என்பது, உடல்நலத்துடன் இருக்கும் ஒருவர் பணமோ பொருளோ பெறாமல் தம் இரத்தத்தின் ஒரு பகுதியைப் பிறருடைய சிகிச்சைக்காக வழங்குவதாகும். தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களை உள்ளடக்கிய பட்டாசுத் தொழில் பகுதியில் இரத்தத்தின் தேவை அதிகம். வெம்பக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த தாயில்பட்டியும் அதன் சுற்றுக் கிராமங்களும் இப்பகுதியில் அடங்கும். வெடி விபத்துகளும் பிரசவகால இரத்தப்போக்கும் இத்தேவைக்கு முக்கியக் காரணங்கள். அதே நேரத்தில், இரத்தம் கொடுக்க முன்வருபவர்களுக்கு இங்கே தடைகளும் அதிகம். இரத்தசோகை, கூலி இழப்பு, போக்குவரத்து, அச்சம், சட்ட விதிகள் ஆகியவற்றுடன், 2018ஆம் ஆண்டில் சாத்தூரில் நிகழ்ந்த ஒரு துயரமும் இத்தடைகளோடு சேர்ந்துகொண்டது.

வட்டாரமும் தேவையும்

வானம் பார்த்த கரிசல் நிலமும் குறைந்த மழையும் கொண்ட இப்பகுதியில் வேளாண்மை பெரும்பாலும் மானாவாரியாகவே நடக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள் இங்கே வேரூன்றின. சிவகாசி நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆலை வேலையே பல குடும்பங்களின் வாழ்வாதாரம். தொழிலாளர்களில் பெண்கள் பெரும் பங்கினர். பல வேலைகளுக்கு நாள் சம்பளம் கிடையாது. முடித்துக் கொடுக்கும் உருப்படிகளின் எண்ணிக்கையைக் கொண்டே கூலி கணக்கிடப்படுகிறது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை விபத்தில் சுமார் 40 பேர் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நிகழ்ந்த விபத்தில் 20 பேர் அல்லது அதற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் தாயில்பட்டியில் வீட்டில் வைத்திருந்த வெடிபொருள் வெடித்து உயிரிழப்பு ஏற்பட்டது. இத்தகைய நாள்களில் காயமடைந்தவர்கள் முதலில் சிவகாசி, சாத்தூர் அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்படுகின்றனர். கடுமையான தீக்காயங்கள் உள்ளவர்கள் அங்கிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுகின்றனர். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது.

தீக்காயமும் இரத்தமும்

வெடி விபத்துச் செய்தி பரவியதும், "இரத்தம் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டுப் பலர் மருத்துவமனை வாசலில் கூடுவது வழக்கம். இவர்களின் நல்லெண்ணம் முழுமையாகப் பயன்பட வேண்டுமானால், தீக்காயத்துக்கு இரத்தம் எப்போது தேவைப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது உதவும்.

தோல் பெருமளவில் வெந்துபோகும்போது இரத்தக் குழாய்களிலிருந்து முதலில் கசிந்து வெளியேறுவது நீரும் உப்புகளும் புரதங்களும்தான். எனவே முதல் 24 மணி நேரத்தில் நோயாளிக்கு முக்கியமாகத் தேவைப்படுவது நரம்பு வழியாக ஏற்றப்படும் உப்புக் கரைசல். இதற்குப் பார்க்லாந்து சூத்திரம் என்ற கணக்கு பரவலாகப் பயன்படுகிறது. உடல் எடையை (கிலோ) வெந்த பரப்பின் விழுக்காட்டால் பெருக்கி, அதை மீண்டும் 4ஆல் பெருக்கினால் கிடைப்பது, முதல் நாளில் ஏற்ற வேண்டிய மில்லிலிட்டர் அளவு. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடலில் 40 விழுக்காடு வெந்திருந்தால் 8,000 மி.லி. கரைசல் தேவை. அதில் பாதி, காயம் ஏற்பட்ட முதல் 8 மணி நேரத்துக்குள் செலுத்தப்பட வேண்டும்.

இரத்தச் சிவப்பணுக்களின் தேவை பெரும்பாலும் அடுத்த நாள்களில் வருகிறது. வெந்த தோலை அகற்றும் அறுவையிலும், வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டும் அறுவையிலும் இரத்தம் வெளியேறும். ஒரே நோயாளிக்குப் பல வாரங்களில் பலமுறை இந்த அறுவை செய்யப்படலாம். இதற்கு விதிவிலக்கு, இடிந்த சுவருக்கடியில் சிக்கியோ, சிதறிய பொருள் பாய்ந்தோ காயமடைந்தவர்கள். இவர்களுக்கு விபத்து நடந்த அந்த மணி நேரத்திலேயே இரத்தம் வேண்டும்.

அந்த நேரத்தில் கைகொடுப்பது முன்பே சேகரித்து, பரிசோதித்து, குளிரூட்டியில் வைக்கப்பட்டிருக்கும் இரத்தம்தான். புதிதாக எடுத்த இரத்தத்தை வகைப்படுத்தி நோய்த்தொற்றுச் சோதனைகளை முடிக்கப் பல மணி நேரம் ஆகிறது. ஆகவே விபத்து நாளன்று வரிசையில் நிற்பவர்களைவிட, எந்த விபத்தும் இல்லாத ஒரு நாளில் வந்து கொடுத்துச் சென்றவரே பெரும்பாலும் உயிரைக் காப்பாற்றுகிறார். விபத்துச் செய்தி நாளிதழ்களிலிருந்து மறைந்த இரண்டாம், மூன்றாம் வாரங்களில் கொடுக்கப்படும் இரத்தமும் அதே அளவு முக்கியமானது.

ஒரு அலகு இரத்தத்தின் பயணம்

இந்தியாவில் ஒரு கொடையாளரிடமிருந்து 350 மி.லி. அல்லது 450 மி.லி. இரத்தம் எடுக்கப்படுகிறது. இரத்தம் வெளியேறும் நேரம் பொதுவாகப் பத்து நிமிடத்துக்கும் குறைவு. பதிவு, சோதனை, ஓய்வு எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் வரை ஆகலாம். எடுத்த இரத்தம் தேவைக்கேற்பச் சிவப்பணு, இரத்தத் தட்டணு, பிளாஸ்மா எனப் பிரிக்கப்படுகிறது. சிவப்பணுக்களை உரிய பாதுகாப்புக் கரைசலில், 2 முதல் 6 டிகிரி செல்சியசு வெப்பநிலையில் 42 நாள்கள் வரை வைக்கலாம். தட்டணுக்கள் 5 நாள்கள் மட்டுமே தாங்கும். உறைய வைத்த பிளாஸ்மாவை ஓராண்டு வரை வைத்திருக்கலாம்.

ஒவ்வொரு அலகு இரத்தத்திலும் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, கல்லீரல் அழற்சி சி, மேகநோய் (சிபிலிசு), மலேரியா ஆகிய ஐந்துக்கான சோதனைகள் கட்டாயம். எல்லா மருத்துவமனைகளிலும் முழுமையான இரத்த வங்கி இருப்பதில்லை. வட்ட அளவிலான மருத்துவமனைகளில் இரத்தச் சேமிப்பு நிலையங்கள் உள்ளன. பெரிய இரத்த வங்கி ஒன்று சேகரித்துச் சோதித்து அனுப்பும் இரத்தத்தை இவை வைத்திருந்து வழங்குகின்றன. அதனால் ஓர் ஊரில் ஓர் உறவினருக்காகக் கொடுக்கப்பட்ட இரத்தம், வேறோர் ஊரில் முன்பின் தெரியாத ஒருவருக்குச் செலுத்தப்படுவது இயல்பு. இந்த ஏற்பாட்டால்தான் பல உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன. சோதனையில் ஒரு தவறு நேர்ந்தால் அது எங்கோ இருப்பவரைப் பாதிப்பதும் இதே வழியில்தான்.

சட்டப் பின்னணி

இந்தியாவில் ஒரு காலத்தில் இரத்தத்தை விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தனர். வறுமையால் அடிக்கடி இரத்தம் விற்றதால் அவர்களுடைய உடல் நலிந்தது, நோய்த்தொற்றும் பரவியது. 1986ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி மருத்துவர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பிறகு இரத்தப் பாதுகாப்பு நாடு தழுவிய கேள்வியாக மாறியது. 'காமன் காசு' என்ற அமைப்பு தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 4 அன்று அளித்த தீர்ப்பின்படி, காசுக்கு இரத்தம் கொடுக்கும் முறை ஈராண்டுகளுக்குள் ஒழிக்கப்பட வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. 1998 ஜனவரி 1 முதல் அம்முறை தடை செய்யப்பட்டது. தேசிய இரத்த மாற்றுக் குழுமமும் இத்தீர்ப்பை அடுத்து உருவானதே. 2002இல் தேசிய இரத்தக் கொள்கை வெளியிடப்பட்டது.

விற்பனை நின்ற பிறகு எஞ்சியவை இரண்டு வழிகள். ஒன்று, யாருக்கென்று தெரியாமல் தாமாக முன்வந்து கொடுக்கும் தன்னார்வக் கொடை. மற்றொன்று, நோயாளிக்கு ஏற்றிய இரத்தத்துக்கு ஈடாக அவருடைய உறவினரோ நண்பரோ கொடுக்கும் ஈட்டுக் கொடை. தேசியக் கொள்கை ஈட்டுக் கொடையைப் படிப்படியாகக் கைவிடச் சொல்கிறது. எனினும் நடைமுறையில், பிரசவத்துக்கோ அறுவைக்கோ ஒருவர் சேர்க்கப்பட்டதும் "இரத்தம் கொடுக்க ஆள் கூட்டிவாருங்கள்" என்ற பேச்சு இன்றும் கேட்கிறது.

ஈட்டுக் கொடையின் சிக்கல் மருத்துவம் சார்ந்தது மட்டுமன்று. அக்காள் பிரசவ வார்டில் இருக்கும்போது, மச்சானும் மாமனாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஓர் இளைஞர் "நான் கொடுக்க முடியாது" என்று சொல்வது எளிதன்று. ஏன் என்ற கேள்வி உடனே எழும். கேள்வித்தாளில் உள்ள அந்தரங்கக் கேள்விகளுக்கு உண்மையான பதிலைத் தவிர்க்கும் அழுத்தம் இங்கே பிறக்கிறது. தன்னார்வக் கொடையாளர் பாதுகாப்பானவராகக் கருதப்படுவதற்கு இந்த அழுத்தம் அவருக்கு இல்லாததே முதன்மைக் காரணம்.

யார் கொடுக்கலாம்

2020இல் திருத்தப்பட்ட மருந்து, அழகுப்பொருள் விதிகளும் அதற்கு முன் 2017இல் வெளியான கொடையாளர் தேர்வு வழிகாட்டுதல்களும் தகுதியை வரையறுக்கின்றன. அவற்றின் சாரம் வருமாறு:

வயது 18 முதல் 65 வரை இருக்க வேண்டும். முதன்முறை கொடுப்பவர் 60 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. 350 மி.லி. கொடுக்கக் குறைந்தது 45 கிலோவும், 450 மி.லி. கொடுக்க 55 கிலோவுக்கு மேலும் எடை வேண்டும். ஆண், பெண் இருபாலருக்கும் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது. ஆண்கள் 90 நாள்களுக்கு ஒருமுறையும், பெண்கள் 120 நாள்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

சில காரணங்களுக்காகக் கொடை தற்காலிகமாகத் தள்ளிவைக்கப்படுகிறது. மலேரியா குணமான பின் 3 மாதமும், டெங்கு குணமான பின் 6 மாதமும், நாய்க்கடித் தடுப்பூசிக்குப் பின் ஓராண்டும் காத்திருக்க வேண்டும். பச்சை குத்திக்கொண்டவர்களும் உடலில் துளையிட்டுக்கொண்டவர்களும் 12 மாதம் காத்திருக்க வேண்டும். தென்மாவட்டங்களில் பங்குனி, சித்திரை கோயில் திருவிழாக்களில் அலகு குத்தி நேர்த்திக்கடன் செலுத்துபவர்கள் பலர். அலகு குத்துவதும் தோலைத் துளைப்பதே என்பதால், அதைப் பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது. மஞ்சள் காமாலை வந்தவர்களில் கல்லீரல் அழற்சி ஏ, இ வகையினர் ஓராண்டுக்குப் பின் கொடுக்கலாம்; பி, சி வகையினரும் எந்த வகை என்று தெரியாதவர்களும் கொடுக்க இயலாது. மாத்திரையால் சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் கொடுக்கலாம். இன்சுலின் போடுபவர்கள் கொடுக்கக் கூடாது.

வெறும் வயிற்றுடன் இரத்தம் கொடுக்கக் கூடாது. கடைசியாக உண்டு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. செவ்வாய், வெள்ளி விரதம் இருப்பவர்கள் வேறு நாளைத் தேர்ந்தெடுப்பதே முறை.

2017 வழிகாட்டுதல்களின் ஒரு பகுதி இன்றும் விவாதத்தில் உள்ளது. திருநர், ஆணோடு உறவு கொள்ளும் ஆண், பாலியல் தொழிலாளி ஆகியோரை அது நிரந்தரமாக விலக்குகிறது. தனிப்பட்ட ஒருவரின் நடத்தையையோ சோதனை முடிவையோ பார்க்காமல் அவருடைய அடையாளத்தைக் கொண்டே விலக்குவது சமத்துவ உரிமைக்கு முரணானது என்று கூறி, மணிப்பூரைச் சேர்ந்த செயற்பாட்டாளர் சாந்தா குராய் 2021இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

வட்டாரத்தில் காணப்படும் தடைகள்

இரத்தசோகை

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. கருவுறாத பெண்களுக்கு இரத்தசோகையின் எல்லை 12 கிராம். கொடைக்கான எல்லை 12.5 கிராம். ஆகவே சோகை இல்லாத பெண்களிலும் ஒரு பகுதியினர் முகாமிலிருந்து திருப்பி அனுப்பப்படுகின்றனர். இதனுடன் கருவுற்ற காலம், பிரசவத்துக்குப் பின் 12 மாதம், தாய்ப்பால் கொடுக்கும் காலம் முழுவதும், மாதவிடாய் நாள்கள் ஆகியவையும் விலக்கப்படுகின்றன. ஒரு பிரசவம் ஒரு பெண்ணை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குக் கொடையாளர் பட்டியலிலிருந்து விலக்கி வைக்கிறது. பெண் தொழிலாளர்கள் பெரும்பான்மையாக உள்ள ஊர்களில் கொடையாளர் வரிசையில் ஆண்களே நிற்பதற்கு விருப்பமின்மையைவிட இதுவே பெரிய காரணம்.

திருப்பி அனுப்பப்படும் பெண்ணுக்கு "உனக்கு ரத்தம் இல்லை" என்ற ஒற்றை வரி மட்டுமே பதிலாகக் கிடைத்தால் அவர் மறுபடி வருவதில்லை. இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு நீக்கம், முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு போன்ற உணவு, குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுசோதனை என வழிகாட்டப்பட்டால், அந்த மறுப்பே அவருக்கு ஒரு மருத்துவ உதவியாக மாறுகிறது.

கூலி இழப்பும் பணி நேரமும்

கடுமையான உடலுழைப்பில் ஈடுபடுபவர்கள், தொலைதூர ஓட்டுநர்கள் முதலியோர் இரத்தம் கொடுத்த பின் அடுத்த பணிக்கு முன் குறைந்தது 24 மணி நேர இடைவெளி விட வேண்டும் என்று வழிகாட்டுதல் கூறுகிறது. இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வருபவர்களும் கொடுக்கக் கூடாது. உருப்படிக் கணக்கில் கூலி வாங்கும் ஒருவருக்கு இந்த ஓய்வு ஒரு நாள் வருமானத்தை இழப்பதாகும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை உச்சத்தில் இருப்பதால் இந்த இழப்பு இன்னும் கூடுகிறது. சனிக்கிழமை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும், தீபாவளிக்குப் பின் ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களிலும் கிராமங்களிலேயே முகாம் நடத்துவது இத்தடையைக் குறைக்கும் வழி.

தூரம்

தாயில்பட்டி போன்ற ஊர்களிலிருந்து இரத்தம் கொடுக்க சிவகாசிக்கோ சாத்தூருக்கோ விருதுநகருக்கோ பேருந்து ஏற வேண்டும். நேரில் போய் ஹீமோகுளோபின் குறைவு என்று திரும்பிவந்தால், பேருந்துக் கட்டணமும் அரை நாளும் வீணாகிவிட்டன என்ற மனக்குறை ஏற்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே ஹீமோகுளோபின் அளவைத் தெரிந்துகொண்டு செல்பவர்களுக்கு இந்த ஏமாற்றம் நேர்வதில்லை. ஒன்றிய அரசின் 'இ-ரக்த்கோசு' இணையவாசலில் இரத்த மையங்களின் இருப்பு விவரம் கிடைக்கிறது.

அச்சமும் நம்பிக்கைகளும்

"கொடுத்தால் உடம்பு பலமிழக்கும்", "ஒருமுறை கொடுத்தால் ஊறாது", "ஆண்மை குறையும்" ஆகியவை பரவலாகக் கேட்கப்படுபவை. 60 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 4.5 லிட்டர் இரத்தம் உள்ளது. அதில் 350 மி.லி. எடுக்கப்படும்போது, நீர்மப் பகுதி ஓரிரு நாள்களிலும் சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் ஈடாகிவிடுகின்றன. இரும்புச்சத்து மீள மட்டும் கூடுதல் காலம் தேவை. இரு கொடைகளுக்கிடையே மாதக்கணக்கில் இடைவெளி வைத்திருப்பது இதனால்தான்.

சிலருக்குத் தலைசுற்றலோ மயக்கமோ வரலாம். முதன்முறை கொடுப்பவர்கள், எடை குறைந்தவர்கள், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வந்தவர்கள் ஆகியோரிடம் இது அதிகம். கொடுப்பதற்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பது, கால் தசைகளை இறுக்கித் தளர்த்துவது, கொடுத்த பின் பதினைந்து நிமிடம் அமர்ந்திருப்பது ஆகியவை இதைக் குறைக்கின்றன. மயக்கம் வந்தவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார்.

பட்டாசு மருந்தைக் கையாள்பவர் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை வழிகாட்டுதல்கள் விலக்கவில்லை. நுரையீரல், தோல் நோய்கள் இருந்தால் முகாம் மருத்துவர் அவற்றைத் தனித்தனியே பார்த்து முடிவெடுப்பார்.

2018 சாத்தூர் நிகழ்வு

2018 நவம்பர் இறுதியில் ஓர் இளைஞர் தம் உறவினரான கர்ப்பிணி ஒருவருக்காக சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியில் இரத்தம் கொடுத்தார். அந்த இரத்தம் உறவினருக்குப் பயன்படுத்தப்படவில்லை. சாத்தூர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, டிசம்பர் 3 அன்று இரத்தசோகைக்காகச் சிகிச்சை பெற்ற வேறொரு கர்ப்பிணிக்கு அது ஏற்றப்பட்டது. அதில் எச்.ஐ.வி. இருந்தது.

வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையின்போதுதான் அந்த இளைஞர் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். அறிந்ததும் தாம் கொடுத்த இரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று இரத்த வங்கிக்குத் தெரிவித்தார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. 2016இல் ஒரு முகாமில் அவர் கொடுத்த இரத்தத்திலேயே தொற்று கண்டறியப்பட்டிருந்தும், அது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பது பின்னர் வெளியானது. செய்தி பரவிய சில நாள்களில் அந்த இளைஞர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, டிசம்பர் 30 அன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இறந்தார்.

ஆய்வக ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. மாநிலத்தின் இரத்த வங்கிகளில் இருந்த இரத்தத்தை மறுபடி சோதிக்க அரசு உத்தரவிட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மதுரையில் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கப்பட்டது. 2019 ஜனவரியில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பின்னர் நடந்த சோதனைகளில் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று தெரியவந்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு, சிகிச்சை இல்லாதபோது 15 முதல் 45 விழுக்காடு வரை இருக்கும்; உரிய சிகிச்சையால் அதை 5 விழுக்காட்டுக்கும் கீழே குறைக்க முடியும். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அப்பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

நிகழ்வு காட்டும் இடைவெளிகள்

இந்த நிகழ்வைப் பற்றிய பேச்சில் அந்த இளைஞர் குற்றவாளிபோலப் பார்க்கப்பட்டார். ஆனால் கொடையாளர் ஒருவர் செய்ய வேண்டியதை அவர் செய்தார். உறவினருக்காகக் கொடுக்கும்போது அவருக்குத் தம் நிலை தெரியாது. தெரிந்த பின் மறைக்காமல் வங்கிக்குச் சொன்னார். தவறியவை, அவருக்கும் நோயாளிக்கும் இடையில் இருந்த இரண்டு காவல் படிகள்: 2018இல் இரத்தத்தைச் சோதித்த படி, 2016இல் முடிவை அவரிடம் சேர்த்திருக்க வேண்டிய படி.

முதல் படியைப் பொறுத்தவரை, சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் எதிர்ப்பொருள் சோதனையில் அது தெரியாமல் போகலாம். இது சாளரக் காலம் எனப்படுகிறது. வைரசின் மரபணுவைத் தேடும் நியூக்ளிக் அமிலச் சோதனை இக்காலத்தைச் சுமார் 10 நாள்களாகக் குறைக்கிறது. செலவு அதிகம் என்பதால் இந்தியாவில் அது கட்டாயமாக்கப்படவில்லை. ஆனால் சாத்தூர் நிகழ்வைச் சாளரக் காலத்தைக் கொண்டு விளக்க முடியாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொற்று கண்டறியப்பட்ட ஒருவரின் இரத்தத்தை முறையாகச் செய்யப்பட்ட எளிய சோதனையே காட்டிக்கொடுத்திருக்கும்.

இரண்டாவது படியில் இருப்பது மறைகாப்பு பற்றிய சிக்கல். 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரின் தொற்று நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஒரு கிராமத்தில் தொற்றுச் செய்தி கசிந்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதை நினைத்தால் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு தேவை என்பது புரியும். ஆனால் மறைகாப்பு பிறரிடம் சொல்லக் கூடாது என்பதற்கானது. கொடையாளரிடமே சொல்லாமல் விடுவதற்கானது அன்று. சோதனையில் தொற்று தென்பட்டால் கொடையாளரைத் தனியே அழைத்து, தமிழ்நாட்டில் 'நம்பிக்கை மையம்' என்று அறியப்படும் ஆலோசனை, பரிசோதனை மையத்துக்கு அனுப்பி, உறுதிச் சோதனையும் சிகிச்சையும் கிடைக்கச் செய்வதே விதி. முகாம் படிவத்தில் நண்பரின் கைப்பேசி எண்ணையோ பழைய முகவரியையோ எழுதும் வழக்கம் இந்தத் தொடர்பை அறுத்துவிடுகிறது. வேலைக்காக ஊர் மாறும் தொழிலாளர்களிடம் இது இன்னும் எளிதில் நடக்கிறது.

தொற்று தெரிய வருவது வாழ்வின் முடிவன்று. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் கூட்டு மருந்தைத் தொடர்ந்து உட்கொள்பவர்கள் நீண்ட காலம் நலமுடன் வாழ்கின்றனர். இச்செய்தியை உரிய காலத்தில் ஓர் ஆலோசகர் அந்த இளைஞரிடம் சொல்லியிருந்தால், இரண்டு உயிர்களின் போக்கு மாறியிருக்கும்.

கொடையாளரின் உரிமைகளும் கடமைகளும்

கொடையாளருக்குத் தனிமையில் பதிலளிக்க இடம் தரப்பட வேண்டும். காரணம் சொல்லாமல் எந்தக் கட்டத்திலும் விலகிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. சோதனை முடிவை அறிந்துகொள்ளவும், அது பிறருக்குத் தெரியாமல் காக்கப்படவும் அவர் உரிமை பெற்றவர். ஒவ்வொரு முறையும் புதிய, ஒருமுறை மட்டுமே பயன்படும் ஊசியும் பையும் பயன்படுத்தப்படுவதால், இரத்தம் கொடுப்பதன் மூலம் அவருக்கு எந்தத் தொற்றும் வராது.

கடமைகள் சில. படிவத்தில் சொந்தப் பெயர், தொடர்பு எண், முகவரி ஆகியவற்றைச் சரியாக எழுத வேண்டும். உறவினர் எதிரே சொல்ல முடியாத காரணம் இருந்தால், மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ தனியே சொல்லலாம். "ஹீமோகுளோபின் குறைவு" போன்ற பொதுவான காரணம் கூறி அனுப்பும்படி கேட்கலாம். கொடுத்துவிட்டு வந்த பிறகு காய்ச்சலோ வேறு ஐயமோ ஏற்பட்டால் உடனே இரத்த வங்கியைத் தொடர்புகொண்டு தம் இரத்தத்தை நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. இருக்குமோ என்று தெரிந்துகொள்வதற்காக இரத்தம் கொடுக்கக் கூடாது. அதற்கு நம்பிக்கை மையங்களில் இலவசச் சோதனை உண்டு. 1097 என்ற தேசிய உதவி எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

முகாம் நடத்துபவர்களுக்கான குறிப்புகள்

தமிழ்நாட்டில் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அணிகளும், அரிமா, சுழற்சங்கம் போன்ற அமைப்புகளும், நடிகர்களின் நற்பணி மன்றங்களும், அரசியல் கட்சிகளும் முகாம்கள் நடத்துகின்றன. ஜூன் 14 உலகக் குருதிக் கொடையாளர் நாளாகவும், அக்டோபர் 1 இந்தியாவின் தேசியத் தன்னார்வக் குருதிக்கொடை நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகின்றன. இவ்வாறு குறிப்பிட்ட நாள்களிலேயே நூற்றுக்கணக்கானோர் கொடுப்பதால், 42 நாள்களுக்குள் பயன்படாத சிவப்பணுக்கள் வீணாகும் வாய்ப்பு உண்டு. ஆண்டின் பிற மாதங்களில் பற்றாக்குறையும் ஏற்படுகிறது. கல்லூரி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் இருப்பு குறைவது பல ஊர்களில் காணப்படுவதே.

ஒரே நாளில் இருநூறு பேரைத் திரட்டுவதைவிட, ஐம்பது பேர் வீதம் நான்கு முறை பிரித்து வரவழைப்பது பட்டாசு வட்டாரத்துக்குப் பொருத்தமானது. இந்திய மக்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே ஆர்எச் நெகட்டிவ் வகையினர். இவர்களை முகாமில் வரிசையில் நிறுத்தாமல், பட்டியலில் வைத்திருந்து தேவைப்படும்போது அழைப்பதே பயனுள்ளது. முகாம் முடிந்த பின் சோதனை முடிவுகள் எப்படி, யார் வழியாகத் தெரிவிக்கப்படும் என்பதை இரத்த வங்கியிடம் முன்பே கேட்டு, கொடையாளர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அமைப்பாளர்கள் அந்த முடிவுகளைத் தாங்கள் கேட்டுப் பெறக் கூடாது. அவை கொடையாளருக்கும் இரத்த வங்கிக்கும் இடையில் மட்டுமே இருக்க வேண்டியவை.